கெட்டியான ரத்தத்தோடு ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. எட்டு மாதங்களுக்கு முன்பு தலைவலி என்று ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 18.9, ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கைச் சொல்லும் ஹீமடோக்ரிட் 57 என்று வந்தது. பிறகு மரபணுச் சோதனையும் செய்து, சிவப்பணுக்கள் அளவுக்கு மேல் பெருகும் ‘பாலிசைத்தீமியா வேரா’ என்ற ரத்தநோய் என்றார்கள். தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். ரத்தத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்க இதுவரை ஆறு முறை ரத்தத்தை வெளியே எடுத்திருக்கிறார்கள். போன வாரச் சோதனையில் ஹீமடோக்ரிட் 44, பிளேட்லெட் 6 லட்சம், ஃபெரிட்டின் 7. ஸ்கேனில் மண்ணீரல் 15 செ.மீ. நோய் தெரிவதற்கு முன்பு வாரத்தில் நான்கு நாள் ஓடுவேன், ஜிம்முக்கும் போவேன். இப்போது என் மனைவி மாடிப்படி ஏறக்கூட விடுவதில்லை. “ரத்தம் கெட்டியா இருக்கு, ஓடினா எங்கேயாவது அடைச்சுக்கும்” என்கிறார். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தாலே களைப்பாக இருக்கிறது. வியர்த்தாலும் குளித்தாலும் உடம்பெல்லாம் ஊசி குத்துவது போல அரிக்கிறது. என் களைப்பைப் பார்த்து ஜிம் நண்பர் ஒருவர் இரும்புச்சத்து மாத்திரை வாங்கித் தந்தார், இன்னும் போடவில்லை. நான் மறுபடி ஓடலாமா? எடை தூக்கலாமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போட வேண்டாம். உங்கள் நண்பர் நல்ல மனதோடுதான் தந்திருக்கிறார். உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7 என்று ஒரு தாள் என் மேசைக்கு வந்தால் வேறு யாருக்கும் நானே இரும்புச்சத்து எழுதிக் கொடுப்பேன். உங்கள் விஷயம் தலைகீழ். எலும்பு மஜ்ஜையில் ஜாக்2 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தால், ‘போதும், நிறுத்து’ என்ற கட்டளை அங்கே எடுபடுவதில்லை. தேவைக்கு மேல் சிவப்பணுக்கள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. சிவப்பணு செய்ய இரும்பு வேண்டும். ஒவ்வொரு முறையும் சுமார் 450 மி.லி. ரத்தம் எடுக்கும்போது அதோடு 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பும் வெளியே போகிறது. ஆறு முறைக்குப் பிறகு கையிருப்பு தீர்ந்துவிட்டது. இரும்பு இல்லாததால் மஜ்ஜையால் பழைய வேகத்தில் ஓட முடியவில்லை. உங்கள் ஹீமடோக்ரிட் 57-லிருந்து 44-க்கு இறங்கி, இறங்கிய இடத்தில் நிற்பதற்கு இந்தக் குறைபாடும் ஒரு காரணம். மாத்திரை போட்டால் சில வாரங்களிலேயே எண்ணிக்கை மறுபடி மேலே ஏறலாம்.

ஆனால் அந்தக் குறைபாடு உங்களைக் களைப்பாக்குகிறது என்பதும் உண்மை. தசைகளுக்கும் இரும்பு வேண்டும். “ரத்தம் நிறைய இருக்கிறதே, உங்களுக்கு என்ன களைப்பு” என்று யாராவது சொன்னால் அதை மனதில் வாங்கிக்கொள்ளாதீர்கள். இந்த நோயில் மிகப் பலரும் சொல்லும் முதல் தொல்லையே களைப்புதான். நோயே ஒரு வகை அழற்சியை உடம்பில் கிளப்பிவிடுகிறது, அதன்மேல் இரும்புக் குறைவும் சேர்கிறது. அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டியிருந்து களைப்பும் தாங்க முடியாமல் போனால், ஹைட்ராக்ஸியூரியா, இன்டர்ஃபெரான் போன்ற மருந்துகளால் சிவப்பணு உற்பத்தியைக் குறைத்து, ரத்தம் எடுக்கும் தேவையைக் குறைக்கும் வழி உண்டு. அது உங்கள் ரத்தநோய் மருத்துவரோடு உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. அவரிடம் ஃபெரிட்டின் எண்ணை மட்டும் காட்டாமல், ‘படி ஏறினால் எப்படி இருக்கிறது, மதியம் எத்தனை மணிக்கு உடம்பு சோர்ந்துபோகிறது’ என்பதையும் சொல்லுங்கள். எண் எதுவும் அதைச் சொல்லாது.

சரி, ஓட்டத்துக்கு வருவோம்.

உங்கள் மனைவியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. எட்டு மாதங்களுக்கு முன்பு, ஹீமடோக்ரிட் 57 இருந்த நாளில் நீங்கள் கேட்டிருந்தால் நானும் அவர் பக்கம்தான் நின்றிருப்பேன். ஹீமடோக்ரிட் என்பது ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு சிவப்பணு என்ற கணக்கு. அது ஏற ஏற ரத்தத்தின் பிசுபிசுப்பு அதே அளவில் ஏறுவதில்லை; அதைவிட வேகமாக ஏறும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த நோயுள்ள 365 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஹீமடோக்ரிட்டை 45-க்குக் கீழே வைத்தார்கள், மற்றவர்களுக்கு 45 முதல் 50 வரை விட்டார்கள். இரண்டாவது பிரிவில் இதய, ரத்தக்குழாய் மரணங்களும் பெரிய ரத்தக்கட்டிகளும் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஐந்து எண் வித்தியாசத்துக்கு நான்கு மடங்கு! அதனால்தான் மருத்துவர்கள் 45 என்ற கோட்டை அவ்வளவு பிடிவாதமாகக் காக்கிறோம்.

இன்று நீங்கள் 44-இல் இருக்கிறீர்கள், கோட்டுக்கு உள்ளே. ஆஸ்பிரினும் சாப்பிடுகிறீர்கள். இந்த நிலையில் உட்கார்ந்தே இருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. ரத்தம் உறைவதற்குக் கெட்டித்தன்மை மட்டும் காரணம் இல்லை, தேக்கமும் துணைபோகும். காலில் இருக்கும் ரத்தம் மேலே ஏறி இதயத்துக்குத் திரும்ப, கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி அதைத் தள்ளிவிட வேண்டும். நீங்கள் மணிக்கணக்கில் நாற்காலியில் இருக்கும்போது அந்தத் தசை சும்மா கிடக்கிறது. ரத்தக்கட்டிக்கு வாய்ப்பு கூடுதலாக உள்ள ஒருவரை மாடிப்படிகூட ஏற விடாமல் வைத்திருந்தால், எதைத் தடுக்க நினைக்கிறோமோ அதற்கே வழிவிடுகிறோம். இதை உங்கள் மனைவியிடம் குற்றமாகச் சொல்லாதீர்கள். ‘ஓய்வெடு’ என்ற சொல்லை நாங்கள் மருத்துவர்கள்தான் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் சொல்லிப் பழக்கிவிட்டோம்.

ஆகவே ஓடலாம். ஆனால் நாளைக்கே இல்லை. தொடங்குவதற்கு முன் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, ஓர் இ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள். எட்டு மாதம் உடம்பு அசையாமல் இருந்திருக்கிறது. பழைய ஓட்டக்காரர் என்ற நினைப்பு காலுக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. புகைப்பழக்கம் இருந்தால் அதை விடுவது, நான் இங்கே எழுதும் எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம்.

முதல் இரண்டு வாரம் நடை மட்டும். ஒரே மூச்சில் வேண்டாம், காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம். வாரத்துக்கு வாரம் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் உங்களுக்கு வேண்டியது. கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பைவிட இந்தச் சோதனையை நான் நம்புகிறேன். ஒரு மாதம் போனபின், நடையின் நடுவே ஒரு நிமிடம் மெல்லோட்டம், மூன்று நிமிடம் நடை என்று கலக்கலாம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாள் தசைப்பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. நீங்கள் அதை எட்ட மூன்று நான்கு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

களைப்பு உள்ளவர்கள் செய்யும் தவறு ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு நாள் உடம்பு தெம்பாக இருந்தால் விட்டதையெல்லாம் பிடித்துவிட வேண்டும் என்று ஒரு மணி நேரம் ஓடிவிடுவார்கள். அடுத்த மூன்று நாள் படுக்கை. பிறகு ‘உடற்பயிற்சி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்திவிடுவார்கள். நல்ல நாளில் திட்டமிட்டதைவிடக் கூடச் செய்யாதீர்கள். மோசமான நாளில் பாதி செய்யுங்கள், ஐந்து நிமிடமாவது நடங்கள். பயிற்சி முடிந்த களைப்பு ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் அளவு சரி. மறுநாள் காலையிலும் தொடர்ந்தால் அது அதிகம். இந்த நோயும் இதே வகை ரத்தநோய்களும் உள்ளவர்களை வீட்டிலிருந்தே யோகா செய்ய வைத்த சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் இலக்கு. தூக்கத்தில் முன்னேற்றமும், சிலவற்றில் களைப்பில் குறைவும் தெரிந்தன. அவ்வளவு கொஞ்சத்துக்கே உடம்பு பதில் சொல்கிறது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். வியர்வையாகப் போவது சிவப்பணு இல்லை, ரத்தத்தின் நீர்ப்பகுதி. கடுமையாக ஓடும்போது அந்த நீரில் ஒரு பங்கு தசைகளுக்குள்ளும் இறங்கிவிடும். அந்த நேரத்தில் மட்டும் ரத்தம் முன்பைவிடக் கெட்டியாகிறது. மற்றவர்களுக்கு அது பொருட்டே இல்லை. 44-இல் நிற்கும் உங்களுக்குப் பொருட்டு. எனவே கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒன்றிரண்டு டம்ளர் குடியுங்கள், நடுவில் மடக்கு மடக்காகக் குடியுங்கள், தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் கணக்கு இன்னும் சுலபம்: ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. வெயில் உச்சியில் இருக்கும்போது ஓட வேண்டாம். ஜிம்மில் உள்ள நீராவிக் குளியல் அறைக்குள் போகவே வேண்டாம். வாந்தி, பேதி, காய்ச்சல் இருக்கும் நாளில் பயிற்சிக்கு விடுமுறை.

ரத்தம் எடுத்த அன்றும் மறுநாளும் கடினமான பயிற்சி கூடாது. அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரே நேரத்தில் வெளியேறும்போது ரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றலாம். மெதுவாக வீட்டுக்குள் நடமாடலாம். ஊசி போட்ட கையால் 24 மணி நேரத்துக்கு எடை எதையும் தூக்காதீர்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். அடுத்த முறைக்கு நல்ல ரத்தக்குழாய் கிடைக்காது.

இனி மண்ணீரல். உங்கள் கடிதத்தில் 15 செ.மீ. என்ற எண்ணை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், என் கண் அங்கேதான் நின்றது. இடது பக்கம் கீழ் விலா எலும்புகளுக்கு உள்ளே ஒளிந்திருக்கும் உறுப்பு அது. பெரியவர்களுக்குப் பொதுவாக 12, 13 செ.மீ.க்குள் இருக்கும். வளர்ந்தால் விலாவின் பாதுகாப்பை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். ரத்தம் நிறைந்த மென்மையான உறுப்பு. நேரடியாக அடிபட்டால் கிழியலாம், கிழிந்தால் உள்ளே கொட்டும். 15 என்பது பயப்பட வேண்டிய அளவில்லை, ஆனால் மதிக்க வேண்டிய அளவு. நடை, மெல்லோட்டம், பூப்பந்து எல்லாம் சரி. கபடி, குத்துச்சண்டை, கராத்தே போல உடம்போடு உடம்பு மோதுபவை வேண்டாம். கால்பந்தைக்கூட நான் தவிர்க்கச் சொல்வேன். பலரும் யோசிக்காத ஒன்று சைக்கிள். கீழே விழும்போது கைப்பிடியின் முனை வயிற்றில் குத்தி மண்ணீரல் கிழிவது அவசரப் பிரிவுகளில் நன்றாகத் தெரிந்த காட்சி. ஜிம்மில் நிற்கும் சைக்கிளை மிதியுங்கள், சாலையில் வேண்டாம்.

எடை தூக்கலாம், பழைய எடையை இல்லை. பத்துப் பன்னிரண்டு முறை சிரமமில்லாமல் தூக்கக்கூடிய எடையை எடுங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கி முக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, மண்ணீரலும் சேர்ந்து நசுங்கும். ரத்த அழுத்தமும் சட்டென்று எகிறும். இடுப்பை இறுக்கும் தோல் பெல்ட் வேண்டாம். வயிற்றை மடித்து எழும் பயிற்சிகளை விட்டுவிடுங்கள். யோகாவில் மயூராசனம், தனுராசனம் போல வயிற்றில் பாரம் விழும் ஆசனங்களைத் தவிர்த்தால் மற்றவற்றில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. அடுத்த ஸ்கேனில் அளவு கூடியிருந்தால், அல்லது கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டால், எடைப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பிளேட்லெட் 6 லட்சம் என்பது உங்கள் நோயில் எதிர்பார்க்கக்கூடியதுதான், அதனால் பயிற்சிக்குத் தடை இல்லை. 10 லட்சத்தைத் தாண்டினால் மட்டும் சொல்லுங்கள். அவ்வளவு கூடினால் விசித்திரமாக ரத்தக்கசிவும் வரலாம், ஆஸ்பிரின் தொடரலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

அந்த அரிப்பைப் பற்றி எழுதும்போது ‘சின்ன விஷயம்தான்’ என்று நினைத்துத்தான் ஒரே வரியில் எழுதினீர்களோ என்று தோன்றுகிறது. அது சின்ன விஷயம் இல்லை. குளிக்கவே பயப்படும் அளவுக்கு அதனால் அவதிப்படுபவர்கள் உண்டு. தோலில் ஒரு தடிப்பும் தெரியாது, அதனால் சுற்றி இருப்பவர்களுக்குப் புரிவதும் இல்லை. இந்த நோய்க்கே உரிய அடையாளங்களில் ஒன்று அது. பயிற்சி முடிந்ததும் வெந்நீரில் நிற்காமல், உடம்பு ஆறிய பிறகு சற்றுக் குளிர்ந்த நீரில் சீக்கிரம் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தளர்வான பருத்தித் துணி அணியுங்கள். காற்றோட்டமான இடத்தில், வியர்வை சொட்டாத வேகத்தில் தொடங்கினால் பலருக்கும் தாங்கும்படி இருக்கிறது. குறையாவிட்டால் மருந்துகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். பாதமும் விரல்களும் சிவந்து நெருப்பாக எரிந்தால் அது வேறு. சிறு ரத்தக்குழாய்களில் பிளேட்லெட் செய்யும் வேலை அது. காலணியைக் குற்றம் சொல்லாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மறுபடி பயிற்சி தொடங்கினால் தசைவலி வரத்தான் செய்யும். வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை நீங்களாக எடுக்காதீர்கள். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம். ஐபுப்ரோஃபென் இன்னொன்றும் செய்யும்: ஆஸ்பிரின் பிளேட்லெட்டில் போய் உட்கார வேண்டிய இடத்தை முன்பே பிடித்துக்கொண்டு அதன் பயனைக் கெடுக்கும். தேவைப்பட்டால் பாரசிட்டமால் போதும்.

எல்லா வலியும் தசைவலி இல்லை. உங்களைப் போன்ற ஒருவர், உங்களைவிட நன்றாக ஓடக்கூடியவர், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று மூன்று நாள் தைலம் தேய்த்து அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார். நான்காம் நாள் என்னிடம் வந்தபோது ஒரு கால் இன்னொரு காலைவிட நன்றாகப் பருத்திருந்தது. உள்ளே ஆழமான சிரையில் ரத்தக்கட்டி. நல்ல வேளையாக அது நுரையீரலுக்குப் போகவில்லை. பயிற்சி செய்த வலி பொதுவாக இரண்டு கால்களிலும் இருக்கும், சில நாட்களில் குறையும். ஒரே காலில் வலி, வீக்கம், சூடு என்றால் அழுத்திவிடாதீர்கள், அன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும். நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்குதல், தாங்க முடியாத வயிற்றுவலி, இவற்றில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவு. இடது தோள்பட்டையின் நுனியில் காரணமில்லாமல் வலித்து, கூடவே இடது மேல்வயிறும் வலித்தால் அது மண்ணீரலின் குரலாக இருக்கலாம், தாமதிக்க வேண்டாம். என்ன நோய், என்ன மருந்து என்று எழுதிய ஒரு சீட்டைப் பையில் வைத்துக்கொண்டே வெளியே போங்கள்.

ஹீமடோக்ரிட் 45-ஐத் தாண்டியது தெரிந்தால், அல்லது சோதனைக்கு முன்பே பழைய தலைவலி, முகச்சிவப்பு, கண்ணில் பூச்சி பறப்பது எல்லாம் திரும்பினால், ஓட்டத்தையும் எடையையும் தள்ளிவைத்துவிட்டு மெதுவான நடையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுத்து எண் இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மலையேற்றப் பயணம் ஏதாவது மனதில் இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உயரமான இடங்களில் ஆக்ஸிஜன் குறைவு, காற்றும் உலர்ந்தது. இரண்டுமே ரத்தத்தைக் கெட்டியாக்கும் பக்கம்தான் தள்ளும். பேருந்திலோ விமானத்திலோ நீண்ட பயணம் என்றால் மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள், உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை ஏற்றி இறக்குங்கள்.

உங்களை நான் நேரில் பரிசோதிக்கவில்லை. அதனால் அடுத்த முறை போகும்போது இந்தக் கடிதத்தையே உங்கள் மருத்துவரிடம் காட்டி, ‘இதில் எனக்குப் பொருந்தாதது எது’ என்று கேளுங்கள். உங்கள் மனைவியும் கூட வரட்டும். 44 என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்பதை மருத்துவர் வாயாலேயே அவர் கேட்க வேண்டும். எட்டு மாதமாக அவர் ஒற்றை ஆளாகக் காவல் காத்துக்கொண்டிருக்கிறார், அதுவும் ஒரு களைப்புதான்.

அப்புறம், முதல் வாரம் நடக்கப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று சோதிக்க எப்படியும் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.